பட்டணம் பார்க்க வருகிறவர்களுக்கு

வெளியூர்த் தோழர்கள் நம்மைக் கண்டால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “சென்னைக்கு வருகிறோம், இரண்டு நாள் தங்குவோம், எதை எதைப் பார்க்கலாம்?” என்பதே அது. கேள்வி என்னவோ சாதாரணமானதுதான். ஆனால் ஒரு மனிதன் ஒரு ஊருக்குப் போய் எதைப் பார்க்கிறான், எதைப் பார்க்காமலே திரும்புகிறான் என்பதைக் கொண்டு அவனுடைய அறிவு எந்தப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆதலால் இதைப்பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டியது அவசியமென்று கருதுகிறோம்.

முன்னாளில் கிராமத்திலிருந்து பட்டணம் பார்க்க வந்தவர்களுக்கு உயிர்க் காலேஜ், செத்த காலேஜ், மூர்மார்க்கெட், கடற்கரை, மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் ஒவ்வொரு கோயில், இவ்வளவுதான் பட்டணம். உயிர்க் காலேஜ் 1985-ல் வண்டலூருக்குப் போய்விட்டது. மூர்மார்க்கெட் அதே 1985-ல் தீப்பட்டு அழிந்தது. இன்று அந்த இடத்தைத் தியாகராய நகர்த் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் பிடித்துக்கொண்டன. காட்சிகள் மாறினாலும் எல்லை மட்டும் மாறவில்லை. பட்டணம் பார்க்க வருகிறவன் பாரிமுனைக்கு வடக்கே போவதில்லை. போகும்படி யாரும் அவனுக்குச் சொல்லுவதுமில்லை. “அங்கே என்ன இருக்கிறது? புகையும் மீன் நாற்றமும்தானே” என்பார்கள். அந்தப் புகையையும் மீன் நாற்றத்தையும்தான் பார்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்லுகிறோம். முதலில் வழியைச் சொல்லுவோம்.

பொழுது விடியுமுன் எழுந்து காசிமேட்டுக்குப் போங்கள். கோயிலுக்குப் போகிறவன் நாலு மணிக்கு எழுந்து குளித்துவிட்டுப் போகிறானே, அதேபோல் எழுந்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் நஷ்டமில்லை. விசைப்படகுகள் வந்து நிற்கும். வஞ்சிரமும் சங்கராவும் கானாங்கெளுத்தியும் குவியல் குவியலாக ஏலம் போகும். கூடை சுமக்கிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், வலை பின்னுகிறவர்கள், அரிவாள்மணையில் உட்கார்ந்து கண்மூடித் திறப்பதற்குள் மீனை அறுத்துக் கொடுக்கிற பெண்கள், இவர்கள் எல்லோரையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமாதலால் அப்போது விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். அந்த இரண்டு மாதமும் இந்தக் குடும்பங்கள் எப்படி ஜீவிக்கின்றன என்று அங்கேயே ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்காமல் பார்ப்பது அரைப் பார்வை.

அங்கிருந்து ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் கூப்பிடு தூரம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி இந்த ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. இந்தியாவின் முதல் பிரயாணி ரயில் அதற்கு மூன்று வருஷம் முன்னதாக 1853-ல் பம்பாயில் ஓடிற்று. ஆனால் அந்தப் பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் இன்று இல்லை. இன்றும் நின்று வேலை செய்கிற மிகப் பழைய ரயில்வே ஸ்டேஷன் கட்டடம் நமது ராயபுரத்துக் கட்டடமே. ஆயிரம் வருஷத்துக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் இந்தத் தூண்களையும் ஐந்து நிமிஷம் பார்க்கலாம். ஏனென்றால், கோபுரம் கட்டிய காலத்தில் எட்ட நில் என்று சொல்லப்பட்டவனை, மற்றவனோடு ஒரே பலகையில் உட்கார வைத்தது இந்த ரயில்தான். அதுவும் லேசில் நடந்துவிடவில்லை. வண்டியில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் இறங்கிச் சாப்பிடுகிற இடத்தில் பிராமணர்களுக்கு ஒரு இடம், இதரர்களுக்கு ஒரு இடம் என்று வைத்திருந்தார்கள். சுயமரியாதைக்காரர்கள் விடாமல் கண்டித்ததன் பின்பே 1941-ல் அந்தப் பிரிவு எடுபட்டது. இரும்பு தானாக ஜாதியை ஒழித்துவிடாது. மனிதன்தான் ஒழிக்க வேண்டும் என்பதற்கு இந்த ஸ்டேஷன்களே சாட்சி.

அடுத்தபடியாக ஸ்டான்லி ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியை யாராவது வேடிக்கை பார்ப்பார்களா என்று கேட்கலாம். வேடிக்கை பார்க்கச் சொல்லவில்லை. வெளியே நின்று அதன் சரித்திரத்தை நினைத்துப் பார்க்கச் சொல்லுகிறோம். வயதானவர்கள் இதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782-ல் யுத்தமும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததனாலேயே இதற்கு அந்தப் பேர். பட்டினிக்காரனுக்குக் கஞ்சி வார்த்த இடம், பிறகு நோயாளிக்கு மருந்து கொடுத்த இடமாகி, 1938-ல் மருத்துவக் கல்லூரியாயிற்று. 1970-களில் டாக்டர் ஆர். வெங்கடசாமி இங்கே கைக்கென்றே தனியாக ஓர் அறுவைச் சிகிச்சைப் பிரிவை வளர்த்தார். இயந்திரத்தில் அகப்பட்டு நசுங்கின கையையும் அறுபட்டுப்போன விரலையும் சேர்த்துத் தைத்து மறுபடியும் வேலைக்கு உதவும்படி செய்வதில் அது பேர்பெற்ற இடமாயிற்று. கால் நடந்தால் கோயிலுக்கு, கை கூப்பினால் சாமிக்கு என்று சொல்லிக் கொடுத்த நாட்டில், கை என்பது உழைப்பதற்கு, அது போனால் குடும்பமே போயிற்று என்று உணர்ந்து வேலை செய்த இடம் அது. அறுந்த விரலை ஒட்டவைத்த கையைவிடத் தரிசிக்கத்தக்க கை வேறு எது என்று நமக்குத் தெரியவில்லை.

அருகிலுள்ள மூலகொத்தளத்து மயானத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். 1938-ல் தொடங்கிய இந்தி எதிர்ப்புப் போரில் சிறை சென்று 1939-ல் உயிர்விட்ட நடராசன், தாலமுத்து ஆகிய இருவரின் நினைவிடம் அங்கே இருக்கிறது. ஒருவர் ஆதி திராவிடர், ஒருவர் நாடார். ஊரில் பக்கத்தில் உட்கார வைக்கப்படாதவர்கள், பொதுக் காரியத்தில் செத்ததனால் பக்கத்தில் வைக்கப்பட்டார்கள்.

இனி வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ரயில் ஏறி வடக்கே போகலாம். 2021 பிப்ரவரி 14-ந் தேதி முதல் இந்த ரயில் விம்கோ நகர் வரையில் போகிறது. விமான நிலையத்தில் ஏறினவர் வண்டி மாறாமலே விம்கோ நகரில் இறங்கலாம். முன்பெல்லாம் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையில் அகப்பட்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டுமே என்று சாக்குச் சொன்னார்கள். இப்போது அந்தச் சாக்கும் இல்லை.

வழியில் திருவொற்றியூர் தேரடியில் இறங்குங்கள். “சுயமரியாதைக்காரர்கள் கோயிலுக்குப் போகச் சொல்லுகிறார்களே” என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. சாமியைப் பார்ப்பதற்கல்ல, சுவரைப் பார்ப்பதற்குப் போகச் சொல்லுகிறோம். அந்தக் கோயிலின் மூலவர் வருஷம் முழுவதும் கவசத்தால் மூடப்பட்டிருந்து, கார்த்திகைப் பவுர்ணமியை ஒட்டி மூன்று நாள் மாத்திரம் கவசம் நீக்கிக் காட்டப்படுகிறார். அதற்கு லக்ஷக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். ஆனால் கவசமில்லாமல் 365 நாளும் திறந்தே கிடக்கிற கல்வெட்டுகளைப் படிக்க ஒருவரும் வருவதில்லை. அந்தக் கல்வெட்டுகள் சோழர் காலத்தில் இங்கே பாணினியின் வடமொழி இலக்கணம் கற்பிக்க ஒரு மண்டபமும் அதற்கு நிலமும் விடப்பட்டதைச் சொல்லுகின்றன. ஐந்து பெண்களையும் அவர்களுடைய சந்ததிகளையும் கோயிலுக்கு நெல் குத்துவதற்காகக் கொடுத்துவிட்டதாக ஒரு பிற்காலச் சோழர் காலத்துக் கல்வெட்டு சொல்லுகிறது. இலக்கணம் படித்தவனுக்கு நிலம். நெல் குத்தினவளுக்கு அடிமைத்தனம், அதுவும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் சேர்த்து! பக்தி இலக்கியத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தக் கல்லையும் சேர்த்துப் படிக்கட்டும். பட்டினத்தாரின் சமாதியும் இந்த ஊர்க் கடற்கரையில்தான் இருக்கிறது. வள்ளலார் இளமையில் ஏழுகிணற்றிலிருந்து நடந்து வந்து பாடியதும் இந்த ஊருக்குத்தான். சாதியும் சமயச் சண்டையும் ஒழிய வேண்டுமென்று பிற்பாடு அவர் சொன்னதை விட்டுவிட்டு, இங்கே வந்து பாடியதை மாத்திரம் ஞாபகம் வைத்துக்கொள்ளுகிறார்கள்.

நிற்க, விம்கோ நகருக்கு வருவோம். நம் நாட்டில் ஒரு ஊர்ப்பெயரைச் சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு சாமியோ, ஒரு ராஜாவோ, ஒரு ஜாதியோ இருக்கும். இந்த ஊர்ப்பெயருக்குப் பின்னால் இருப்பது தீப்பெட்டி! ஸ்வீடன் தேசத்துத் தீக்குச்சி முதலாளிகள், வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு இங்கே வரி உயர்ந்ததும், தீப்பெட்டியை அனுப்புவதைவிடத் தொழிற்சாலையையே அனுப்புவது லாபமென்று கண்டு, 1923-ல் ‘வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனி’ என்பதை ஏற்படுத்தினார்கள். அதன் எழுத்துகளைச் சேர்த்தால் விம்கோ. மேற்கு இந்தியா என்று பேர் வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரையில் வந்து உட்கார்ந்ததும் ஒரு வேடிக்கைதான். அந்தக் கம்பெனி பிற்காலத்தில் வேறொரு பெரிய கம்பெனியுடன் கலந்துவிட்டது; பேர் மாத்திரம் ரயில்வே ஸ்டேஷனில் நிற்கிறது. ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமிக்கு விளக்கேற்றினார்கள். அந்த விளக்கை ஏற்றிய குச்சியைச் செய்தவன் யார் என்று கேட்டதில்லை. அவன் இருந்த ஊர் இது.

இந்த வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு சரித்திரம் கிடக்கிறது. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கியதுதான் இன்று உலகெங்கும் டயர் விற்கிற எம்.ஆர்.எஃப். கம்பெனி. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து, 1955-ல் அசோக் லேலண்டு ஆன கம்பெனி எண்ணூரில் இருக்கிறது. அதே 1955-ல் தோன்றிய என்ஃபீல்டு கம்பெனியின் ‘புல்லட்’ மோட்டார் சைக்கிளும் திருவொற்றியூரில்தான் செய்யப்பட்டது. நாட்டு எல்லையில் ஓடின வண்டியும், நம் கிராமத்து ரோட்டில் ஓடுகிற பஸ்ஸும் இந்தக் கைகளைத் தொட்டுத்தான் வந்தன. ஊரில் பரம்பரைக் கூலியாகவும் பண்ணையாளாகவும் கிடந்தவன் இங்கே வந்து, டோக்கன் எண்ணும் மாதச் சம்பளமும் சங்கத்துச் சந்தாச் சீட்டும் பெற்று மனிதனாக நிமிர்ந்தான். ஆலை என்றாலே கெடுதி என்று பேசுகிற பேச்சில் நமக்குச் சம்மதமில்லை என்பதற்காகவே இதைச் சொல்லுகிறோம்.

ஆனால் ஒன்று. பெரம்பூரிலிருந்த பின்னி மில் தொழிலாளர்களைக் கொண்டு 1918-ல் இந்தியாவின் முதல் ஒழுங்கான தொழிற்சங்கம் உண்டானது இதே வட சென்னையில். தோழர் சிங்காரவேலர் 1923-ல் மே தினம் கொண்டாடியது இதே பட்டணத்தில். இருந்தும் 1921 வேலைநிறுத்தத்தில் என்ன நடந்தது? ஜாதி இந்துத் தொழிலாளி ஒரு பக்கமும் ஆதி திராவிடத் தொழிலாளி ஒரு பக்கமுமாகப் பிரிந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஒரே தறியில் வேலை செய்தவர்களை முதலாளி பிரிக்க வேண்டிய சிரமமே இல்லாமல் மநு முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தான். கூலி உயர்வு மட்டும் போதும், ஜாதியைப்பற்றிப் பேச வேண்டாம் என்கிற தோழர்கள் ஒரு தடவை புளியந்தோப்புக்கும் போய் வரவேண்டும்.

மத்தியானத்துக்கு மேல் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடம். அழகான இடம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் மக்களை இன்றும் அங்கே காணலாம். சுற்றிப் பார்த்தால் அனல் மின்நிலையங்களின் புகைபோக்கிகள், நிலக்கரி, துறைமுகம். 1970-ல் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்த எண்ணூர் அனல் மின்நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அதற்கு அப்பால் அத்திப்பட்டுப் பக்கம் புதியவை ஓடுகின்றன. சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆழம் குறைந்துபோயிற்று. 2017 ஜனவரி 28-ந் தேதி துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தபோது, சந்திரனுக்குக் கலம் அனுப்பிய நாட்டில், அந்தக் கசடை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகையும் வலையையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ந் தேதி இரவு உரத் தொழிற்சாலைக்குப் போகிற கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூங்கினவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

இப்போது ஏன் இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லுகிறோம். மெரினா கடற்கரையின் அகலத்தைப் பார்த்து மயங்காத விருந்தாளி கிடையாது. அந்த மணல் எங்கிருந்து வந்தது தெரியுமா? நமது கரையோரத்தில் கடல் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். வடக்கே போகவேண்டிய மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்கே தங்கிற்று. அதுதான் மெரினாவின் விஸ்தாரம். மணல் வந்து சேராத வடக்கே, ராயபுரம் முதல் எண்ணூர் வரையில், கடல் கரையைத் தின்றது. குப்பங்களில் வீடுகள் போயின. இன்று கருங்கல்லைக் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். ஆகவே, மெரினாவில் நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்து சுண்டல் தின்கிற மணலில் ஒரு பங்கு திருவொற்றியூர்க் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல். அந்த மணலின் மேலேயே 1959-ல் உழைப்பாளர் சிலையும் வைத்தார்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த அருமையான சிலை. நாலு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள். விருந்தாளி அதற்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறான். கல் உழைப்பாளிக்கு மரியாதை. ரத்தமும் சதையுமான உழைப்பாளி இருக்கிற பக்கம் ஸ்நானம் செய்யும்படியான நாற்றம் என்கிறான்.

இது நமக்குப் புதிதல்ல. நம் கிராமத்தில் என்ன செய்து வைத்திருக்கிறோம்? உழுகிறவனும் அறுக்கிறவனும் செத்த மாட்டை எடுக்கிறவனும் சேரியில், தின்கிறவன் ஊரில். வேலை வேண்டும், வேலை செய்கிறவன் வேண்டாம். வெளிச்சம் வேண்டும், சாம்பல் வேண்டாம். உரம் வேண்டும், வாயு வேண்டாம். அதே ஏற்பாட்டைத்தான் பட்டணத்தில் இங்கிலீஷ் படித்தவர்களும் பிளான் போட்டுச் செய்திருக்கிறார்கள். கிராமத்துக்கு ஒரு சேரி இருப்பதுபோல் பட்டணத்துக்கு வட சென்னை என்று ஒரு சேரி. “எங்காவது ஓரிடத்தில் வைத்துத்தானே ஆக வேண்டும்” என்று ஒரு சமாதானம் சொல்லுவார்கள். சரி, வைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ‘எங்காவது’ என்பது எப்போதும் ஒரே இடமாகவே இருப்பானேன்? தெற்கே மாளிகைகள் இருக்கிற பக்கம் ஒரு தடவையாவது ஏன் வரவில்லை? தலைவிதி என்று கிராமத்தில் சொன்னதை இங்கே தொழில் வளர்ச்சி என்கிறார்கள். பேர்தான் வேறு.

ஆலைகளை இடித்துவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. வெளிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ளுகிறவர்கள் புகையின் பொறுப்பையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறோம். மருத்துவமும் பள்ளிக்கூடமும் நல்ல காற்றும் முதலில் அங்கே போக வேண்டும். குழாய் கசிந்தால் எழுப்பிச் சொல்ல ஏற்பாடு வேண்டும். எண்ணெய் சிந்தினால் அள்ளுவதற்கு மீனவன் கையும் வாளியும் அல்லாத சாதனம் வேண்டும். இதைக் கேட்பதற்கு முதலில் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதவன் கேட்கமாட்டான்.

பரிதாபப்பட்டுக்கொண்டு போகவும் வேண்டாம். அங்கிருக்கிறவர்கள் பரிதாபத்துக்காகக் காத்திருப்பவர்கள் அல்லர். தெரு மூலையில் கேரம் பலகையைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்பதைப் பாருங்கள். அப்படிப்பட்ட ஒரு தெருவிலிருந்து, ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள் காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டிக்குப் போய் மூன்று தங்கம் கொண்டுவந்தார். ராத்திரி திரும்பும்போது பீச் ஸ்டேஷனுக்கு எதிரில் இறங்கி ஒரு தட்டு அத்தோ சாப்பிடுங்கள். 1960-களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய நம் ஜனங்கள் கொண்டுவந்த பலகாரம் அது. அந்தத் தள்ளுவண்டியில் பக்கத்தில் நின்று சாப்பிடுகிறவன் என்ன ஜாதி என்று யாரும் கேட்பதில்லை. எந்த க்ஷேத்திரத்துப் பிரசாதத்துக்கு இந்த யோக்கியதை உண்டு?

ஆகவே தோழர்களே, அடுத்த தடவை பட்டணத்துக்கு வந்தால் ஒரு நாளை வடக்கே செலவழியுங்கள். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். வீட்டில் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் ஒரு நாளாவது கண்ணால் பார்க்கட்டும். புண்ணியம் ஒன்றும் கிடைக்காது. கணக்குத் தெரியும், யார் கொடுத்தது, யார் எடுத்துக்கொண்டது என்கிற கணக்கு. அது தெரிந்தபின் எந்தப் பக்கம் நிற்பது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அறிவே சொல்லும்.